எரிமலை அபாய வரைபடம் கோணலாக வருகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் எரிமலை கிடையாது. மருந்துவாழ் மலை பூமிக்கடியில் வெந்து உருமாறிய பழம்பாறை. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணல் இல்மனைட் தாது. பலர் நினைப்பதுபோல் எரிமலைச் சாம்பல் அல்ல. இருந்தாலும் நாகர்கோவிலில் மாலை நேரத்தில் என்னிடம் கணினி வரைபடம் பழக வரும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் பயிற்சி எரிமலை அபாய வரைபடம்தான். சேற்று வெள்ளம், மலைச்சரிவு, சாம்பல் மழை, சுனாமி என்று எல்லா ஆபத்தும் ஒரே மலையில் கூடியிருப்பது எரிமலையில்தான். அதைப் போடக் கற்றவர்கள் நாளை நம் மலையோரத்துக்கும் கடலோரத்துக்கும் வரைபடம் போடுவார்கள்.

இந்த வேலையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. தரவு தவறாக இருந்தாலும் மென்பொருள் சிவப்புக் கொடி காட்டாது. தவறான படத்தையும் அதே பளபளப்போடு வரைந்து கையில் கொடுத்துவிடும். அதனால் நான் ஒரு பழக்கத்தை விடாப்பிடியாக வைத்திருக்கிறேன்: எந்தப் படியையும் முதலில் நம் மாவட்டத்தின் மேல் ஓட்டிப் பார்ப்பது. இங்கே விடை நமக்கு முன்பே தெரியும். கடற்கரை உயரம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பழையாறு மணக்குடியில் கடலில் சேர வேண்டும். ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து கிழக்கே போக வேண்டும். இந்த மூன்றும் சரியாக வந்த பிறகுதான் அந்தமானின் பாரன் தீவு எரிமலைக்கோ இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் மெராப்பி எரிமலைக்கோ போவோம். கீழே இருப்பவை க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் நாங்கள் திரும்பத் திரும்பச் சந்தித்த அறிகுறிகள்.

அறிகுறி: ஊர் முழுவதும் கடலுக்கு அடியில் இருக்கிறது

உயரத் தரவைத் திறந்து கன்னியாகுமரிக் கடற்கரையைச் சொடுக்கினால் மைனஸ் 90க்கும் கீழே ஓர் எண் வருகிறது. நாகர்கோவில் நகரத்தின் பெரும்பகுதியும் மைனஸ். முதல் தடவை பார்க்கிற மாணவர் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுவார். அழிக்க வேண்டாம். கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. உயரத்தை எதிலிருந்து அளந்தார்கள் என்பதுதான் கேள்வி.

செயற்கைக்கோள் அளவைக்கு அடிப்படை, பூமியை வழவழப்பான ஒரு நீள்வட்ட உருண்டையாகக் கற்பனை செய்த கணித வடிவம். உண்மையான கடல் மட்டம் அந்த வடிவத்தின் மேல் படிந்து கிடப்பதில்லை. ஈர்ப்பு விசை எங்கே குறைகிறதோ அங்கே கடல் மட்டம் தாழ்கிறது. உலகத்திலேயே அது மிக ஆழமாகத் தாழ்ந்திருக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. ஏறத்தாழ 106 மீட்டர் பள்ளம். குமரி முனை அந்தப் பள்ளத்தின் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நம் கடற்கரை அந்தக் கணித வடிவத்துக்கு 90 மீட்டருக்கும் கீழே இருப்பது உண்மைதான். விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறும் துறையில் நிற்கிறவரின் காலடியில் இப்படி ஒரு பள்ளம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கடலும் கரையும் சேர்ந்தே தாழ்ந்திருக்கின்றன.

இந்தியாவின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளிலிருந்து எடுத்த உயரத் தரவு இந்தக் கணித வடிவத்தை வைத்து அளந்தது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடார் கொண்டு எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவும் ஐரோப்பியர்களின் கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் தரவும் கடல் மட்டத்தைப் பார்த்து அளந்தவை. முதலாவது ஈஜிஎம்96 என்ற கடல் மட்டக் கணக்கிலும் இரண்டாவது ஈஜிஎம்2008 என்ற கடல் மட்டக் கணக்கிலும்.

சரிசெய்யும் வழி: கடல் மட்ட வித்தியாசத்தைச் சொல்லும் ராஸ்டர் கோப்பை (கட்டத்துக்குக் கட்டம் ஓர் எண் வைத்த கோப்பு) இறக்கி, ராஸ்டர் கணிப்பானில் உயரத் தரவிலிருந்து அதைக் கழியுங்கள். வித்தியாசமே மைனஸ் எண் என்பதால் கழித்தால் உயரம் கூடும். கூட்டிவிட்டால் கடற்கரை மைனஸ் 180க்குப் போய்விடும். அப்போது குறியை மாற்றிப்போட்டீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். நம் ஊருக்குக் கிடைத்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு அந்தமானுக்கும் அதையே போட்டுவிடாதீர்கள். இந்த வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும்.

இரண்டு மூலத் தரவுகளை ஒட்டும்போது இந்தப் பிழை இன்னும் மோசமாகும். ஒட்டு விழுந்த இடத்தில் இல்லாத மலைமுகடு ஒன்று சுவர்போல் எழும். எரிமலைக் குழம்பின் பாதையைக் கணக்கிடும் நிரல் அந்தச் சுவரில் மோதி நிற்கும், அல்லது அதிலிருந்து குதிக்கும். ஒட்டுவதற்கு முன்பே இரண்டையும் ஒரே கடல் மட்டக் கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அறிகுறி: எரிமலை ஓரிடத்தில், அதன் ஊர்கள் வேறோரிடத்தில்

யூடிஎம் மண்டலத்தைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள். யூடிஎம் என்பது உலகத்தை நெடுக்குப் பட்டைகளாகப் பிரித்து, இடங்களை மீட்டரில் குறிக்கும் முறை. கன்னியாகுமரி மாவட்டம் 43 வடக்கு மண்டலத்தில் இருக்கிறது. பாரன் தீவு 46 வடக்கு. மெராப்பி 49 தெற்கு. நம் ஊரில் பழகிய கையோடு 43ஐயே வைத்துக்கொண்டு அந்தமானுக்குப் போய்விடுவது மாணவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தவறு.

தெற்கு, வடக்கு குழப்பம் இன்னும் விசித்திரமாகத் தெரியும். தெற்கு மண்டலங்களில் வடக்கு நோக்கிய அளவுடன் ஒரு கோடி மீட்டரைச் சேர்த்து எழுதுவார்கள், மைனஸ் எண் வராமல் இருப்பதற்காக. மெராப்பியின் அந்த அளவு ஏறத்தாழ 91,66,000 மீட்டர். அதை 49 வடக்கு என்று வாசித்தால் ஜாவாவில் இருக்க வேண்டிய மலை வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குகள் கண்டம் தாண்டாமல் 200 மீட்டர் அளவுக்கு மட்டும் விலகியிருந்தால் காரணம் வேறு. பழைய அச்சுத் தாளை வருடி எடுத்து வைத்திருப்பீர்கள். நம் பகுதியின் பழைய அளவைத்துறைத் தாள்கள் எவரெஸ்ட் என்று பெயரிட்ட பழைய நீள்வட்டக் கணித வடிவத்தை வைத்து வரைந்தவை. இன்றைய ஜிபிஎஸ் கணக்குக்கு மாற்றாமல் போட்டால் கோயில் குளம் கோயிலை விட்டு விலகி நிற்கும். சுசீந்திரம் தெப்பக்குளம் இதைச் சோதிக்க நல்ல இடம். சதுரமான கரை என்பதால் விலகல் பளிச்சென்று தெரியும்.

அறிகுறி: 5 கிலோமீட்டர் வட்டம் போட்டால் தாய்லாந்து வரை போகிறது

அடுக்கு இன்னும் பாகையில் இருக்கிறது. நீங்கள் போட்ட 5ஐ அது 5 பாகையாக எடுத்துக்கொண்டது. அதாவது சுமார் 550 கிலோமீட்டர். மீட்டர் அளவுக்கு மாற்றிவிட்டு 5000 என்று போடுங்கள். சரிவுப் படம் முழுக்க 90 பாகையை ஒட்டி வருவதற்கும் காரணம் இதுவே: கிடைமட்டம் பாகையில், உயரம் மீட்டரில்.

அறிகுறி: ஆறுகள் சீப்பு வைத்து வாரியதுபோல் நேர்கோடுகளாக ஓடுகின்றன

இந்த அறிகுறியில்தான் நிதானம் தேவை. நீரோட்டம் கணக்கிடுவதற்கு முன் உயரத் தரவில் உள்ள குழிகளை நிரப்ப வேண்டும் என்று எல்லாப் பாடங்களும் சொல்கின்றன. ரேடார் இரைச்சலால் விழுந்த ஒரு படப்புள்ளிக் குழியில் ஆறு போய் விழுந்து நின்றுவிடக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். சரிதான். ஆனால் நிரப்பிய இடம் தட்டையாகிவிடுகிறது. தட்டையான இடத்தில் எந்தப் பக்கம் ஓடுவது என்று நிரலுக்குத் தெரியாமல் இணைகோடுகளாக ஓட்டிவிடுகிறது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்வெளியில் ஓட்டிப் பாருங்கள், இது கண்முன் நடக்கும். எஸ்ஆர்டிஎம் தரவில் உயரங்கள் முழு மீட்டரில்தான் இருக்கின்றன; அரை மீட்டர் வாய்க்கால் வரம்பு அதில் இல்லை. பழையாறு தன் பாதையை விட்டுவிட்டு வயல் நடுவே நேர்கோடு போட்டுக்கொண்டு போகும். குளங்கள் எல்லாம் மேசைப் பரப்பாகிவிடும்.

இதற்கு மருந்து: தெரிந்த ஆற்றுப் பாதையை வெக்டராக, அதாவது ஒரு கோடாக வரைந்து, அந்தக் கோட்டின் கீழ் வரும் படப்புள்ளிகளைச் சில மீட்டர் தாழ்த்திவிட்டு, பிறகு நிரப்புங்கள். பழையாறு மணக்குடிப் பொழிமுகத்தில் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ந்தால் முறை சரி.

இதே முறையோடு எரிமலைக்குப் போகும்போதுதான் எச்சரிக்கை வேண்டும். எரிமலையில் ஒரு குழி பிழையல்ல, அதுதான் எரிமலைவாய். கண்ணை மூடிக்கொண்டு நிரப்பினால் வாயை விளிம்புவரை மண்ணடித்து மூடிவிடுவீர்கள். அப்புறம் குழம்பு எந்த விளிம்பின் வழியாக வழியும் என்பதை உங்கள் நிரப்பல் தீர்மானிக்கும், மலை தீர்மானிக்காது.

எரிமலைவாயில் ஏரி இருந்தால் விளைவு உயிர்ச்சேதம். ஜாவாவின் கெலூட் மலையில் 1919ஆம் ஆண்டு வெடிப்பு வாய் ஏரியின் நீரை அப்படியே வெளியே தள்ளியது. சேற்றுப் பெருக்கில் 5,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நியூசிலாந்தின் ருவாபெஹுவில் 1953 டிசம்பர் 24 இரவு வாய் ஏரியின் கரை உடைந்து வந்த பெருக்கு ஒரு ரயில் பாலத்தைச் சிதைத்தது. ரயில் ஆற்றில் விழுந்து 151 பேர் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றே: விளிம்பில் எந்தப் புள்ளி தாழ்வானது? அந்தப் புள்ளியைத்தான் நிரப்பும் கருவி அழித்துவிடுகிறது.

எனவே எரிமலைவாயைச் சுற்றி ஒரு பலகோணம் வரைந்து, அந்தப் பகுதியை நிரப்பலிலிருந்து விலக்கி வையுங்கள். நிரப்புவதற்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் கழித்து, எங்கெல்லாம் எத்தனை மீட்டர் நிரம்பியிருக்கிறது என்று ஒரு படம் எடுங்கள். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் அது இரைச்சல். ஒரே இடத்தில் முப்பது நாற்பது மீட்டருக்கு ஒரு வட்டம் தெரிந்தால் கையை எடுங்கள். அது மலையின் உடம்பு.

அறிகுறி: சேற்றுப் பெருக்கு பாதி வழியில் நின்றுவிடுகிறது

முதலில் உயரத் தரவின் ஓட்டைகளைப் பாருங்கள். செங்குத்துச் சரிவில் ரேடார் நிழல் விழுந்த இடங்களில் பழைய கோப்புகளில் மைனஸ் 32768 என்ற எண் இருக்கும். அது உயரமல்ல, தரவு இல்லை என்பதற்கான குறி. அதை மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால் பெருக்கு அதள பாதாளத்தில் விழுந்து காணாமல் போகும்.

ஓட்டை இல்லையென்றால் பாலத்தைத் தேடுங்கள். ட்ரோனில் எடுத்த துல்லியமான தரவில் இது அதிகம். மாத்தூர் தொட்டிப்பாலம் நல்ல உதாரணம். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரைச் சுமந்து போகிறது அந்தப் பாலம். கீழே ஆறு தாராளமாக ஓடுகிறது. ஆனால் மேலிருந்து பார்க்கிற கருவிக்குத் தொட்டி மட்டும்தான் தெரியும். தூண்களுக்கு நடுவே இருக்கும் வெளி தெரியாது. தரவில் அது பள்ளத்தாக்கை அடைத்த ஓர் அணை. எரிமலைச் சரிவில் இப்படி ஒரு பாலம் அணையாகிவிட்டால் அதற்குக் கீழே உள்ள ஊர் பச்சை நிறத்தில், பாதுகாப்பான இடம்போல் படத்தில் வரும். பாலங்களை ஒவ்வொன்றாகத் தேடி, ஆற்று மட்டத்துக்கு வெட்டி விடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் ஒரு பாலத்தையும் விடாதீர்கள்.

மரங்களும் இதே வேலையைச் செய்யும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டங்களில் ரேடார் அலை தரையைத் தொடுவதில்லை. இலைப் பரப்பின் மேலேயே பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. தோட்டத்தின் எல்லையில் திடீரென்று ஒரு படி ஏறுவதுபோல் உயரம் கூடும். மெராப்பி போன்ற மலையின் காட்டுச் சரிவுகளிலும் அப்படியே. குறுகலான ஓடைகள் இருபுறத்து மரக்கிளைகளால் மூடிப்போய்த் தரவில் இல்லாமலே போகும்.

அறிகுறி: பெருக்கின் பரப்பு நகத்தளவாக வருகிறது, அல்லது மாவட்டத்தையே விழுங்குகிறது

கன அளவின் அலகைப் பாருங்கள். சேற்றுப் பெருக்கு பரவும் இடத்தைக் கணக்கிடும் லஹார்-இசட் என்ற முறையின் சமன்பாடுகளை அமெரிக்க நில அளவைத்துறை ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்டார்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே பெருக்கு அடைக்கும் பரப்பு, 0.05 பெருக்கல் கன அளவின் மூன்றில் இரண்டு மடி (அதாவது கன மூலத்தின் வர்க்கம்). தரையில் அது மூடும் பரப்பு, 200 பெருக்கல் அதே மடி. கன அளவைக் கனமீட்டரில் போட வேண்டும்.

ஒரு தாளை எடுத்துக் கையால் போட்டுப் பாருங்கள். கன அளவு 10 லட்சம் கனமீட்டர். அதன் மூன்றில் இரண்டு மடி 10,000. குறுக்குப் பரப்பு 500 சதுர மீட்டர். தரையில் மூடும் பரப்பு 20 லட்சம் சதுர மீட்டர், அதாவது 2 சதுர கிலோமீட்டர். கன அளவு பத்து மடங்கானால் தரைப்பரப்பு பத்து மடங்காகாது, 9.3 சதுர கிலோமீட்டருக்குள்தான் வரும். மென்பொருள் தரும் விடை இந்த எண்களுக்குப் பக்கத்தில் வரவில்லையென்றால் தப்பு நீங்கள் தட்டிய எண்ணில் இருக்கிறது. பலர் பத்து லட்சத்தை 1 என்று போட்டுவிடுகிறார்கள்.

அறிகுறி: சாம்பல் காற்றை எதிர்த்துப் பறக்கிறது

இந்தப் பிழையை எனக்குக் காட்டியவர் சின்னமுட்டம் துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். மாணவர்களோடு போயிருந்தோம். ஒரு பெண் தான் போட்ட பாரன் தீவு வரைபடத்தை அவரிடம் விரித்துக் காட்டினாள். ஜூலை மாதத்துச் சிறு வெடிப்பு. சாம்பல் நீள்வட்டம் தீவிலிருந்து தென்மேற்கே நீண்டிருந்தது. அவர் வலை ஊசியின் முனையால் தீவைத் தொட்டு, "இது எந்த மாதம், மக்களே?" என்று கேட்டார். ஜூலை என்றாள். "கச்சான் அடிக்கிற மாதத்தில் புகை எப்படி அந்தப் பக்கம் போகும்?"

அவர் சொன்னது சரி. மேற்கிலிருந்து வரும் கச்சான், கிழக்கிலிருந்து வரும் கொண்டல், வடக்கிலிருந்து வரும் வாடை என்று நாம் சொல்லும் காற்றுப் பெயர்கள் எல்லாம் அது புறப்படும் திசையைக் குறிப்பவை. தென்மேற்குப் பருவக்காற்று தென்மேற்கிலிருந்து வருவது. வானிலைத் துறையின் எண்ணும் அப்படியே: 225 பாகை என்றால் தென்மேற்கிலிருந்து. ஆனால் சாம்பல் கணக்கிடும் சில நிரல்கள் காற்று போய்ச்சேரும் திசையைக் கேட்கின்றன. இரண்டுக்கும் 180 பாகை வித்தியாசம். சாம்பல் நேர் எதிர்ப்பக்கம் போய்விடும். கையேட்டில் அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்துப் படியுங்கள். காற்றைக் கிழக்குக் கூறு, வடக்குக் கூறு என்று இரண்டாகத் தரும் கோப்புகளில் கூட்டல் குறி கிழக்கே, வடக்கே போவதைக் குறிக்கும்.

சோதனைக்கு ஆரல்வாய்மொழி இருக்கிறது. முப்பந்தலில் ஒரு கற்பனை வெடிப்பை ஜூலையில் வைத்து, ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு மட்டும் புகை எழுப்புங்கள். சாம்பல் வள்ளியூர்ப் பக்கம் போக வேண்டும். நாகர்கோவிலை நோக்கி வந்தால் திசை தலைகீழ்.

பெரியவரின் காற்று கடல் மட்டத்துக் காற்று. புகை உயர உயரக் கதை மாறும். பருவமழைக் காலத்தில் நம் தலைக்கு மேல் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வேகமான காற்றோட்டம் இருக்கிறது. கீழே கச்சான் கிழக்கே தள்ளும்போது மேலே அது மேற்கே தள்ளும். ஆகவே தாழ்வான வெடிப்புக்குச் சாம்பல் கிழக்கே, பெரிய வெடிப்புக்கு மேற்கே போகும். இரண்டு படமும் சரியாக இருக்கலாம். 1991 ஜூன் 15இல் பிலிப்பைன்சின் பினட்டுபோ வெடித்தபோது மேலெழுந்த சாம்பல் மேகம் மேற்கே தென்சீனக் கடலைத் தாண்டிப் பறந்தது. எனவே தரைக்காற்றை மட்டும் போட்டு முடித்துவிடாதீர்கள். திருவனந்தபுரத்திலிருந்தும் போர்ட் பிளேரிலிருந்தும் வானிலைத் துறை பலூன் விட்டு அளக்கும் உயரக் காற்றை அடுக்கடுக்காகக் கொடுங்கள். வெடிப்பின் உயரத்தைப் படத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள்.

அறிகுறி: படம் சரி, மலைதான் மாறிவிட்டது

2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனக் கிரக்கட்டா எரிமலைத் தீவின் ஒரு பக்கம் கடலுக்குள் சரிந்தது. எழுந்த சுனாமியில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 338 மீட்டர் இருந்த மலை 110 மீட்டராகிவிட்டது. 2000ஆம் ஆண்டுத் தரவை வைத்து இன்று அந்தத் தீவுக்குப் படம் போடுகிறவர் இல்லாத மலையிலிருந்து குழம்பை இறக்குகிறார். தரவை எடுத்த ஆண்டு, கடைசிப் பெரிய வெடிப்பின் ஆண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தரவு மூத்தது என்றால் புதிய தரவு தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் படத்தின் மூலையில் அதைச் சொல்லுங்கள், பெரிய எழுத்தில்.

அறிகுறி: பார்ப்பவர்களுக்குத் தங்கள் வீடு தெரியவில்லை

கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் மலைக்கு 1985 அக்டோபரில் அபாய வரைபடம் வந்துவிட்டது. அர்மெரோ நகரம் அதில் சேற்றுப் பெருக்கின் பாதையிலேயே இருந்தது. நவம்பர் 13 இரவு மலை வெடித்து, பனி உருகி, 70 கிலோமீட்டருக்கும் மேல் ஓடிவந்த சேறு அந்த நகரத்தை மூடியது. சுமார் 23,000 பேர் இறந்தார்கள். சேறு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடந்து மேட்டுக்குப் போக அந்த நேரம் போதும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கணக்கில் பிழை இல்லாத ஒரு வரைபடம் மக்களுடைய கைக்கும் காலுக்கும் போய்ச் சேரவில்லை.

எங்கள் மாணவர்கள் மணக்குடிக்கு ஒரு சுனாமிப் பயிற்சி வரைபடம் போட்டார்கள். 2004இல் அங்கே பாலமே அடித்துப்போன ஊர் அது. நிறமெல்லாம் நேர்த்தி. சம உயரக் கோடுகள், அட்சரேகை, தீர்க்கரேகை, அளவுகோல் எல்லாம் இருந்தன. கீழமணக்குடியில் ஒரு மீன் விற்கும் அம்மாவிடம் கொடுத்தோம். தாளை ஒரு தடவை திருப்பினார், இன்னொரு தடவை திருப்பினார். கடல் மேலே வரும்படி பிடித்துக்கொண்டார். வீட்டு வாசலில் அவர் கடலைப் பார்த்துத்தானே உட்காருகிறார்! பிறகு, "கோயில் எங்கே?" என்று கேட்டார். தேவாலயத்தை நாங்கள் குறிக்கவில்லை. குருசடி (சிலுவை நிற்கும் சிறு வழிபாட்டிடம்) இல்லை, பாலம் இல்லை, அவர் மீன் வாங்கப் போகும் கரை இல்லை.

இதற்கு மென்பொருளில் கருவி கிடையாது. மூன்று பேரிடம் தாளைக் கொடுத்து, "உங்கள் வீட்டைக் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். வாய் திறந்து உதவாதீர்கள். அவர்கள் தேடும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பச்சையையும் சிவப்பையும் பக்கத்தில் வைக்காதீர்கள்; வேறுபாடு தெரியாத கண்கள் உண்டு. போக வேண்டிய மேட்டுக்கு ஒரு தடித்த அம்புக்குறி போடுங்கள். நாங்கள் கோயிலும் குருசடியும் பாலமும் சேர்த்து, கடல் மேலே வரும்படி திருப்பி அச்சிட்டுக்கொண்டு மறுவாரம் போனோம். அந்த அம்மா கோயிலில் விரலை வைத்தார். அங்கிருந்து மூன்றாவது தெருவுக்கு நகர்த்தினார். "இது எங்கள் வீடு" என்றார். அப்புறம் அம்பு போகும் பாதையில் விரலை ஓட்டிக்கொண்டு போய், பாதியில் நிறுத்தி, "இந்தச் சந்தில் இப்போது சுவர் வைத்துவிட்டார்கள்" என்று சொன்னார். அதையும் குறித்துக்கொண்டு வந்தோம். இந்த வாரம் பாதையை மாற்றிப் போட வேண்டும்.